நிழலில் எந்த மிளகு காய்க்கிறது? பன்னியூர், கரிமுண்டா, தேவம், சக்தி: நட்டுப் பறித்தவளின் மதிப்பீடு

மிளகு நாற்று வாங்கக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த ரகம் அதிகம் காய்க்கும்? நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: உச்சி வெயில் நேரத்தில் உங்கள் தோட்டத்துத் தரையில் எவ்வளவு வெயில் விழுகிறது? இதற்குப் பதில் தெரியாமல் ரகத்தின் பெயரைச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஒரு தடவை நட்ட கொடி இருபது வருடம் நம்மோடு இருக்கப் போகிறது.

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம். கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே. அரபிகா காப்பிதான் முதல் பயிர். அதற்கு நிழலாகச் சில்வர் ஓக், வேலியோரம் கல்யாண முருங்கை, நடுநடுவே ஆரஞ்சும் மலைவாழையும். மிளகு இங்கே தனிப்பயிர் கிடையாது, நிழல் மரத்தில் ஏறிக்கொள்ளும் விருந்தாளிதான். ஆனால் காப்பி விலை சரிந்த வருடங்களில் வீட்டைக் காப்பாற்றியது அதுதான். அப்பா காலத்துக் கொடிகள் எல்லாமே கரிமுண்டா. நான் பொறுப்புக்கு வந்தபிறகு அதே சரிவில் பன்னியூர் 1, ஸ்ரீகரா, தேவம், சக்தி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். பஞ்சமியும் கொஞ்சம் உண்டு. மண் ஒன்று, உரம் ஒன்று, பறிக்கிற ஆட்களும் ஒன்று. அதனால் ஒப்பிட்டுச் சொல்ல எனக்கு ஓரளவு தைரியம் இருக்கிறது.

முதலில் பன்னியூர் 1. கண்ணூர் மாவட்டம் பன்னியூரில் உள்ள மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் உதிரங்கோட்டாவையும் செறியகணியக்காடனையும் சேர்த்து உருவாக்கிய கலப்பினம். உலகத்திலேயே மிளகில் வந்த முதல் கலப்பினம் இதுதான். நர்சரியில் இதை அடையாளம் காண்பது சுலபம். இலை அகலமாக, முற்றிய வெற்றிலையைப் போலப் பெரிதாக இருக்கும். கதிர் நீளம், காய் தடிமன், கதிரில் காய்கள் நெருக்கமாகப் பிடித்திருக்கும். நன்றாகக் காய்த்த ஒரு பன்னியூர் கொடியை ஜனவரியில் பார்த்தால் வேறு எந்த ரகத்தையும் வாங்கத் தோன்றாது. அவ்வளவு அழகு.

ஆனால் அந்த அழகு வெயில் விழுகிற இடத்தில்தான். எங்கள் தோட்டத்தில் பாதை ஓரத்து மரங்களிலும், சரிவின் கிழக்கு விளிம்பிலும் ஏறிய பன்னியூர் கொடிகள் மேலிருந்து கீழ்வரை கதிர் தொங்க நிற்கின்றன. காப்பிக்கு நடுவே, அடர்ந்த நிழலில் இருக்கிற அதே ரகம், அதே நர்சரியிலிருந்து ஒன்றாக வந்த நாற்று, பச்சைப் பசேலென்று மரத்தைச் சுற்றிக்கொண்டு இலையாகவே நிற்கிறது. கதிரே குறைவு. வந்த கதிரிலும் இடையிடையே காய் பிடிக்காத வெற்றிடங்கள். இந்த ரகம் அடர்ந்த நிழலுக்கு ஆகாது என்று வேளாண் கையேடுகள் எல்லாமே சொல்கின்றன. சொன்னாலும் நிழல் தோட்டக்காரர்கள் இதைத்தான் தேடிப் போய் வாங்குகிறார்கள்.

காரணம் பூவில் இருக்கிறது. மிளகுக்குத் தேனீ பெரிதாகத் தேவையில்லை. கதிர் கீழ்நோக்கித் தொங்குகிறது. மழைத்துளி மேலிருந்து வழியும்போது மகரந்தத்தையும் கூட்டிக்கொண்டு கீழ்ப்பூக்களில் இறங்குகிறது. இது நடக்க ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்க வேண்டும். நாம் வளர்க்கிற நல்ல ரகங்களில் பெரும்பாலான பூக்கள் அப்படிப்பட்ட இருபால் பூக்கள்தான். நிழல் மிகும்போது அவை குறைந்து வெறும் பெண் பூக்கள் கூடிவிடுகின்றன. மகரந்தம் குறைந்தால் காய் எங்கிருந்து பிடிக்கும்? அதனால் கதிரின் நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். கதிரில் எத்தனை பங்கு காய் பிடித்திருக்கிறது என்பதுதான் கொடியின் உண்மையான குணம். ஒரு சாண் கதிரில் பாதி காலியாக இருப்பதை விட, விரல் நீளக் கதிரில் நெருக்கமாகக் காய் இருப்பது மேல்.

அங்கேதான் கரிமுண்டா வருகிறது. கேரளத்தின் பழைய நாட்டு ரகம். இலை சிறியது, கதிர் குட்டை, காய் நடுத்தரம். பார்வைக்குச் சாதாரணம்தான். ஆனால் நிழலைப் பொறுத்துக்கொள்ளும். பக்கக் கிளைகள் நிறைய விடும், கிளைக்குக் கிளை கதிர் விடும். பன்னியூர் ஒரு கதிரில் காட்டுகிற கணக்கை இது கதிர்களின் எண்ணிக்கையில் ஈடு செய்கிறது. காப்பிக்கு நடுவில் எங்களுக்கு வருடா வருடம் நம்பிக்கையாகக் காய்த்தது இந்தப் பழைய கொடிகள்தான். அதிலிருந்தே தேர்ந்தெடுத்து, கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டவை ஸ்ரீகராவும் சுபகராவும். என்னிடம் இருப்பது ஸ்ரீகரா மட்டும். பழைய கரிமுண்டாவை விடக் கொடிக்குக் கொடி ஒரே மாதிரி காய்க்கிறது என்பது எனக்குத் தெரிந்த பெரிய வித்தியாசம். அப்பா நட்ட கொடிகளில் ஒன்று கொட்டும், பக்கத்துக் கொடி கஞ்சத்தனம் செய்யும். ஸ்ரீகராவில் அந்த ஏற்றத்தாழ்வு குறைவு.

இப்போது எண்களுக்கு வருவோம். ரகத்தை வெளியிட்டவர்கள் தரும் விளைச்சல் கணக்கு, ஹெக்டேருக்குக் காய்ந்த மிளகாக, இப்படி இருக்கிறது: பன்னியூர் 1 என்றால் 1,242 கிலோ, ஸ்ரீகரா 2,677, தேவம் 2,481, சக்தி 2,253, பஞ்சமி 2,828, கிரிமுண்டா (கரிமுண்டா அல்ல, வேறு ரகம்) 2,880. இதை மட்டும் படிப்பவர் பன்னியூர் 1-ஐத் தொடவே மாட்டார். ஆனால் மலை முழுக்க மக்கள் அதைத்தான் நட்டிருக்கிறார்கள். அவர்கள் ஏமாந்தவர்கள் அல்ல. இந்த எண்கள் எல்லாம் ஒரே வயலில், ஒரே வருடத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்து எடுத்தவை அல்ல. வேறு வேறு இடம், வேறு வேறு காலம், வேறு வேறு பராமரிப்பு. ஒன்றோடொன்று கழித்துப் பார்க்க உதவாத கணக்கு இது.

கொடிக் கணக்கில் வைத்துப் பாருங்கள், விஷயம் புரியும். மூன்று மீட்டர் இடைவெளியில் நட்டால் ஹெக்டேருக்குச் சுமார் 1,100 கொடி. 1,242 கிலோ என்றால் கொடிக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். 2,677 என்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோ. வெயில் பட்ட எங்கள் பன்னியூர் கொடிகள் நல்ல வருடத்தில் முதல் கணக்கைச் சுலபமாகத் தாண்டுகின்றன. நிழலில் உள்ள ஸ்ரீகரா இரண்டாவது கணக்கை இன்னும் எட்டவில்லை. நாட்டின் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்கு 500 கிலோவைக்கூடத் தொடுவதில்லை என்பதையும் சேர்த்து யோசித்தால், ரகத்துக்கும் தோட்டத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தெரியும்.

இன்னொன்று மழை. அந்த எண்கள் பெரும்பாலும் தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற ஊர்களில் எடுத்தவை. ஜூனில் மழை பிடித்தால் கதிர் விட்டு, பூத்து, காய் பிடிக்கும்வரை அங்கே ஈரம் விடாது. நமக்கோ பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான். கோடை மழையில் கதிர் எட்டிப் பார்க்கும். அப்புறம் ஜூன், ஜூலையில் காற்று மட்டும் அடித்து மழை ஏமாற்றினால் பிஞ்சுக் கதிர் உதிரும். எந்த ரகமும் இதற்கு விதிவிலக்கில்லை. ஆனால் எங்கள் சரிவில் பன்னியூர் அந்த வறட்சியில் அதிகம் உதிர்க்கிறது, கரிமுண்டா வகைகள் கொஞ்சம் தாக்குப் பிடிக்கின்றன. பாசனம் கொடுக்க வழி இருப்பவர்கள் அந்த இரண்டு மாதம் மட்டும் தண்ணீர் தெளித்தாலே போதும். ரகத்தை மாற்றுவதை விட அதில் வரும் லாபம் அதிகம்.

தேவத்தை நான் வாங்கியது விளைச்சலுக்காக அல்ல, வாடல் நோய்க்காக. அக்டோபர், நவம்பரில் விடாமல் மழை பெய்து தண்ணீர் தேங்கினால், பைட்டோப்தோரா பூஞ்சாணம் கொடியின் கழுத்தில் உட்காரும். இலையில் கரும்புள்ளி, அடித்தண்டு அழுகல், சில வாரங்களில் பதினைந்து வயதுக் கொடி மொத்தமாகச் சரிந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு ஹெக்டேருக்கு எத்தனை கிலோ என்ற பேச்சே மறந்துபோகும். தேவமுண்டி என்ற நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்த தேவம், இந்த நோயைத் தாங்கக்கூடியது. மலை உயரத்துக்கும் ஏற்றது. தாங்கும் என்றால் நோயே வராது என்று பொருள் இல்லை. ஒரு சதவீதப் போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல்), வடிகால், வேப்பம் புண்ணாக்கோடு ட்ரைக்கோடெர்மா என்ற நன்மைப் பூஞ்சாணம், எல்லாம் இதற்கும் உண்டு. ஆனால் ஓடையோரத்து ஈரப் பகுதியில் கரிமுண்டா செத்த குழிகளில் நட்ட தேவம் இன்று மரம் நிறைய நிற்கிறது. காய்ப்பும் குறை சொல்ல முடியாது. எனக்கு மிகவும் பிடித்த ரகம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். உயிரோடு இருக்கிற கொடிதான் காய்க்கும்.

சக்தியும் அதே நோயைத் தாங்குவது. அது என்னைக் களத்தில் ஆச்சரியப்படுத்தியது. பச்சை மிளகு காய்ந்தபின் எவ்வளவு தேறும் என்பதை வாங்குகிறவர்கள் கேட்பதே இல்லை. பொதுவாக 100 கிலோ பச்சைக்கு 33 கிலோ என்று கணக்குப் போடுவோம். பன்னியூர் 1-ல் 35 வரை சொல்கிறார்கள். பன்னியூர் 3-ல் அது 30-க்கும் கீழே. சக்தியில் 40-ஐத் தாண்டும். அதாவது ஒரே அளவு பச்சை மிளகைப் பறித்து, ஒரே கூலி கொடுத்து, ஒரே களத்தில் காயவைத்தாலும் கையில் மிஞ்சுவதில் 100 கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ வித்தியாசம். கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் மட்டும் ஆறாயிரம், ஏழாயிரம் ரூபாய். பச்சை எடையில் கொடியை மதிப்பிடுகிற பழக்கத்தை நம் ஊரில் எல்லாரும் விட வேண்டும். சாக்கில் பச்சையாக நிறைந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு என்ன பயன்?

களத்தைப் பற்றிச் சொன்னதால் லிட்டர் வெயிட்டையும் சொல்லிவிடுகிறேன். வியாபாரி ஒரு லிட்டர் படியில் மிளகை நிரப்பி எடை போடுவார். 500 கிராமா, 550 கிராமா என்பதில் விலை மாறும். இதில் ரகத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் பறிப்புப் பக்குவத்துக்குத்தான் பெரிய பங்கு. கதிரில் ஒன்றிரண்டு காய் பழுத்துச் சிவக்கும்போது பறித்தால் எந்த ரகமும் கனமாக நிற்கும். பச்சைப் பிஞ்சாக உருவினால் எந்த ரகமும் பொக்காகிவிடும். தடிமனான காய்க்கு ஏற்றுமதியில் தனி மதிப்பு இருக்கிறது. தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு என்ற தரத்துக்கு 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். அந்த அளவுக்குப் பன்னியூர்தான் நம்பிக்கையாக வருகிறது. ஆனால் சல்லடை போட்டுத் தரம் பிரித்து வாங்குகிற ஆள் உங்களுக்கு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். எங்கள் பக்கம் வருகிறவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் எடுத்துப் போகிறார்கள்.

எந்த அட்டவணையிலும் இல்லாத இன்னொரு குணம் இருக்கிறது. பறிப்பு வேகம். மூங்கில் ஏணியை மரத்தில் சாய்த்து, இடுப்பில் பையைக் கட்டி ஏறிப் பறிக்க ஆள் கிடைப்பதே இப்போது பெரும்பாடு. எங்களிடம் பல வருடமாகப் பறிக்கிற அண்ணன் ஒருவர் சொல்வார்: "பன்னியூர்ல கை வச்சா பை நெறையும்மா. கரிமுண்டால கை வலிக்கிறதுதான் மிச்சம்." உண்மைதான். நீளக் கதிரில் ஒரு உருவலில் வருகிற காய்க்கு, குட்டைக் கதிரில் இரண்டு மூன்று தடவை கை போக வேண்டும். நாள் கூலி ஏறிக்கொண்டே போகிற இந்தக் காலத்தில் இதையும் விளைச்சலோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வெயில் விழும் இடம் இருந்தால் பன்னியூரை விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பஞ்சமி, ஐம்பிரியனிலிருந்து வந்த தேர்வு. காய் நெருக்கமாகப் பிடிக்கிறது, ஆனால் தாமதமாக முற்றுகிறது. காப்பி, மிளகு இரண்டுக்கும் ஆள் தட்டுப்பாடு இருப்பவர்களுக்கு அது நல்லதாகக்கூட இருக்கலாம். எங்களுக்கு எல்லாப் பறிப்பும் முடிந்தபிறகு இதற்காக மறுபடி ஏணி தூக்க வேண்டியிருக்கிறது. பௌர்ணமி வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கக்கூடியது. மண்ணில் அந்தத் தொல்லை இருப்பவர்கள் அதைக் கேட்டு வாங்கலாம். பன்னியூர் 5 நிழலைத் தாங்கும், பாக்கு, தென்னந்தோப்புகளுக்குப் பொருந்தும் என்று வெளியிட்டது. கிரிமுண்டா மலை உயரத்துக்கென்றே வந்தது, நான் இன்னும் நடவில்லை. இடுக்கியிலிருந்து வந்த தெக்கன் ரகம் ஒரே காம்பில் கதிர் கிளைகிளையாகப் பிரிவதால் பார்க்க அற்புதமாக இருக்கும். அதை நான் தோட்டத்தில் வைத்துப் பறித்ததில்லை என்பதால் மதிப்பெண் போட மாட்டேன்.

நாற்று வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. ரகத்தின் பெயரை நம்பி வாங்குகிறோம், ஆனால் பையில் இருப்பது அந்த ரகம்தானா என்பது காய்க்கும்வரை தெரியாது. ஒரு தனியார் நர்சரி பன்னியூர் என்று எங்களுக்குக் கொடுத்த நாற்றுகளில் சிறிய இலைக் கொடிகள் கலந்திருந்தன. கேட்டதற்கு, இளசில் இலை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். வளர்ந்தபிறகும் இலை பெரிதாகவில்லை. அதனால் இப்போதெல்லாம் தாய்க்கொடியைக் காட்டச் சொல்கிறேன். காட்ட மறுத்தால் வாங்குவதில்லை. தடியன்குடிசையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் பக்கத்து மலைக்காரர்கள் முதலில் அங்கே கேட்டுவிட்டு வெளியே தேடுவது நல்லது. நாற்றில் நாலைந்து இலை, பையின் அடியில் வெள்ளை வேர், இலையில் கரும்புள்ளி இல்லாமை, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள். நோயுள்ள நாற்றோடு வாடல் நோயையும் சேர்த்துத் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது.

மூன்றாம் வருடத்துக் காய்ப்பைப் பார்த்து ரகத்தைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், புகழ்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் அவசரம். மிளகு மூன்றாம் வருடம் முகம் காட்டும். முழுக் காய்ப்புக்கு வர ஏழெட்டு வருடமாவது வேண்டும். அதற்குள் நிழல் மரமும் வளர்ந்து நிழல் கூடிவிடும் என்பதை மறந்துவிடுகிறோம். ஏப்ரல், மே மாதத்தில் சில்வர் ஓக்கின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுங்கள். எங்கள் தோட்டத்தில் கிளை கழித்த பகுதியில் எல்லா ரகமுமே அடுத்த பருவத்தில் கூடுதலாகக் கதிர் விட்டன. கூடுதல் காய்ப்புக்குப் புது நாற்றை விட ஒரு நல்ல அரிவாள் மலிவு.

என் பரிந்துரை கேட்டால், நம் உயரத்துக்கும் நம் காப்பி நிழலுக்கும் இப்படி வாங்குவேன். பாதி இடத்துக்கு ஸ்ரீகரா, அல்லது நன்றாகக் காய்க்கும் தாய்க்கொடியிலிருந்து எடுத்த கரிமுண்டா. ஈரம் தேங்குகிற, ஏற்கெனவே கொடி செத்த இடங்களுக்குத் தேவமும் சக்தியும். வெயில் விழும் விளிம்புகளிலும் பாதையோரத்திலும் பன்னியூர் 1. ஒரே ரகத்தைத் தோட்டம் முழுக்க நட வேண்டாம், ஏனென்றால் ஒரு மழைக்காலம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய்விடும். இந்த ஜூன் மழைக்கு நான் வாங்கப் போவது கிரிமுண்டா, கொஞ்சம்தான், காப்பியின் மேல் வரிசையில் கரிமுண்டாவுக்குப் பக்கத்திலேயே. காய்த்தபிறகு காய்ந்த எடையோடு எழுதுகிறேன்.